கோதை முடித்த வாக்கியம்

செங்கல்பட்டில் எட்டு ஐம்பது கடற்கரை வண்டி கிளம்ப இரண்டு நிமிடம் இருந்தபோது கோதை போனில் சொன்னது இவ்வளவுதான்: "இன்னைக்கு வர வேண்டாம்ப்பா. அவர் வீட்லேர்ந்து வேலை பார்க்கறார்." பூவராகன், "சரிம்மா, எழும்பூர் வேலைய முடிச்சுட்டு நேரா ஊருக்கே திரும்பிடறேன்" என்று சொல்லிப் போனைச் சட்டைப்பையில் போட்டார். ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் ப்ரூஃப் கட்டை வைத்து, சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார். முதலில் அவருக்குச் சந்தோஷம்தான் வந்தது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். என்ன அழகான வாக்கியம். எழுவாய் உண்டு, பயனிலை உண்டு, நடுவில் ஓர் ஐந்தாம் வேற்றுமை, எல்லாம் அதனதன் இடத்தில். பிறந்து முப்பது வருடத்தில் கோதை ஒரு வாக்கியத்தையும் ஒழுங்காக முடித்தவள் இல்லை. "அப்பா, நான் நேத்து அந்த... அய்யோ, அதில்லப்பா, நீங்க வந்தப்புறம்..." என்று பயனிலையே வராமல் பத்து நிமிடம் பேசக்கூடியவள். தலைமைச் செயலகத்தின் மொழிபெயர்ப்புப் பிரிவில் முப்பத்தொரு வருடம் அரசாணைகளைத் தமிழாக்கிய தகப்பனுக்கு அது எப்படி இருக்கும். வாக்கியத்தை முடிம்மா, வாக்கியத்தை முடிம்மா என்று சாப்பிடும்போதும் பஸ் ஸ்டாண்டிலும் கல்யாண மண்டபத்திலும் சொல்லிச் சொல்லி ஓய்ந்தவர். இன்று முடித்துவிட்டாள், இரண்டு வாக்கியத்தையும். வண்டி நகர்ந்தது. பரனூர் ஏரியில் தண்ணீர் இருந்தது. அந்த இரண்டாவது வாக்கியத்தின் முதல் சொல்லில் அவர் மனம் சட்டை ஆணியில் மாட்டியதுபோல நின்றது. அவர். கோதை தன் புருஷனை அவர் என்றாள். மூன்று வருடமாக அவனை அவன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சரி, யாராவது பக்கத்தில் இருந்திருப்பார்கள், மாமியார் வந்திருக்கலாம். வாய் தவறி வருவதில்லையா. எழுபது பக்கம் பாக்கி இருக்கிறது. பத்தரைக்குள் குணாளனின் பதிப்பகத்தில் இந்தக் கட்டைக் கொடுக்க வேண்டும், பதினொன்றுக்கு அச்சுக்குப் போகிறது. ஹெஸ்டர் லிண்டன் அம்மையாரின் கடைசி நாவல், முப்பத்தொன்றாவது. பூவராகன் தமிழாக்கியதில் இருபதாவது. அந்தப் பெயரை மனதுக்குள் சொல்லும்போதெல்லாம் அவருக்கு இப்போதும் முதுகு நிமிரும். எண்பத்தொன்பது வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், சீவிய ஆறு பென்சில்களை மேஜையில் வரிசையாக வைத்துவிட்டு நாற்காலியிலேயே செத்துப்போன பெண்மணி. இங்கிலாந்தில் ஒரு சின்னத் துறைமுக ஊரில் பிறந்து, பதினாறு வயதில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சேர்ந்து, காதில் கருவியை மாட்டிக்கொண்டு பதினோரு வருடம் ஊரார் பேச்சைக் கோத்துவிட்டவர். பிறகு ஒரு கப்பல் கம்பெனியில் டைப் அடித்தார். ஏழு பதிப்பாளர்கள் முதல் நாவலைத் திருப்பி அனுப்பினார்கள், நாற்பத்திரண்டு வயதில் எட்டாவது ஆள் எடுத்துக்கொண்டான். அதற்கப்புறம் நாற்பத்தாறு வருடம் நிற்கவில்லை. அரண்மனைக்குக் கூப்பிட்டுப் பட்டம் கொடுத்தார்கள். ஒரு ஊருக்கு ஒரு கொலை என்று கணக்குப் போட்டால் அந்தத் தீவில் அவர் கொலையாளியை அனுப்பாத கடற்கரை கிடையாது. அவருடைய துப்பறிவாளர் போலீஸும் இல்லை, வக்கீலும் இல்லை. வீடுவீடாகப் போய்ப் பியானோவுக்குச் சுருதி சேர்க்கிற ஆம்ப்ரோஸ் கேல். கேல் ஒன்றும் விசாரிக்க மாட்டார். பியானோவுக்குள் தலையை விட்டுக்கொண்டு, வீட்டில் யார் யாரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பார். முடிந்தது. கைரேகையும் கிடையாது, பூதக்கண்ணாடியும் கிடையாது. ரேடியோவில் ஒருவர், கொலைகாரனை எப்படி உருவாக்குகிறீர்கள் என்று கேட்டதற்கு அந்த அம்மாள் சொன்ன பதிலைப் பூவராகன் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டாத குறை: "நான் உருவாக்குவதில்லை. எல்லோரிடமும் ஒரே அளவு மரியாதையாக நடந்துகொண்டு, காத்திருப்பேன்."

ஒரே ஒரு முறை அவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார் பூவராகன். மூன்றாவது புத்தகத்தின்போது. அதில் கதாநாயகிக்கு ஒரு 'கசின்' வருகிறான், முந்நூறு பக்கமும் கசினாகவே திரிகிறான். தமிழில் அப்படித் திரிய முடியுமா? அவன் அத்தை பிள்ளையா, மாமன் பிள்ளையா, பெரியப்பா மகனா, சித்தி மகனா, மூத்தவனா, இளையவனா? அரசாணையாக இருந்தால் 'உறவினர்' என்று போட்டுக் கோப்பை மூடிவிடலாம், இது அப்படி இல்லை. கேட்டு எழுதினார், பதில் வரும் என்று எதிர்பார்க்காமல். ஆறு வாரத்தில் வந்தது, பென்சிலில் நாலு வரி. "இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. தோட்டத்தில் நடந்து யோசிக்க வேண்டியிருந்தது. அவன் அவளுடைய தாய்மாமன் மகன், மூத்தவன். என் கதைகள் இரண்டாம் அத்தியாயத்திலேயே குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டிய மொழி ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் போயிற்று." அடுத்த நாவலிலிருந்து, கேட்காமலே, ஒவ்வொரு புத்தகத்துடனும் கையால் வரைந்த ஒரு வம்சாவளி வந்தது. யார் மூத்தவர் என்பதற்கு ஒரு சின்ன நட்சத்திரம் போட்டு. உலகமே படிக்கிற ஒருத்தி, செங்கல்பட்டில் வேதாசலம் நகர் மூன்றாவது குறுக்குத் தெருவில் இருக்கிற ஒரு குமாஸ்தாவுக்காக நட்சத்திரம் போட்டாள். போட்டார். பார்த்தீர்களா, அன்பு அதிகமானால் 'ர்' தானாகக் கழன்றுவிடுகிறது. கோதைக்கும் அப்படித்தான் இருந்தது. கல்யாண மேடையில், மைக் வேலை செய்கிறதென்று தெரியாமல், "டேய் மிதுன், மாலைய நேராப் போடுடா" என்றாள். மண்டபமே சிரித்தது. அம்மா வேதவல்லி மட்டும் சிரிக்கவில்லை. "கட்டினவன அவன் இவன்னா கூப்பிடுவ? நாலு பேர் என்ன நெனைப்பா?" "அவர்னு கூப்பிட்டு நீ என்னத்தம்மா கண்ட?" பூவராகன் அப்போது பாயசத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அந்த 'டா' எவ்வளவு பெரிய சொத்து என்று அவருக்குத் தெரியும். தன் மனைவியிடமிருந்து முப்பத்துநாலு வருடத்தில் அவருக்கு அது ஒரு தரம்கூடக் கிடைத்ததில்லை.

அவர். திரும்பவும் அங்கேயே வந்தாயிற்று. சிங்கப்பெருமாள் கோவிலில் கூட்டம் ஏறியது. பூவராகனுக்கு இந்த ஒற்றை எழுத்தில் ஏற்கெனவே ஒரு சூடு உண்டு. போன வருடம் சங்கரன்கோவிலிலிருந்து ஒரு கடிதம், ஸ்டெல்லா புஷ்பம் என்று ஒரு நர்ஸ். "ஐயா, தங்கள் மொழிபெயர்ப்புகள் மிகவும் பிடிக்கும். ஆனால் கொலைகாரரைக் கண்டுபிடிப்பது எளிதாக இருக்கிறது. அறுபதாம் பக்கத்துக்கு மேல் யார் 'வந்தார்' என்பதிலிருந்து 'வந்தான்' என்று இறங்குகிறாரோ அவர்தான். இது என் வீட்டுக்காரருக்கு இன்னும் தெரியாது. பந்தயத்தில் தொடர்ந்து ஜெயித்து வருகிறேன். தயவுசெய்து மாற்றிவிட வேண்டாம்." பூவராகன் நம்பவில்லை. அலமாரியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பத்தொன்பதிலும் அப்படித்தான் இருந்தது. பாதிரியார் ஒருவர் தொண்ணூறாம் பக்கம் வரை கும்பிடத்தக்கவராக 'அமர்ந்தார்', தொண்ணூற்றொன்றில் 'எழுந்தான்'. முடிவு தெரிந்த கை, மரியாதையை முன்கூட்டியே பிடுங்கிவிட்டிருக்கிறது. அதைப் பார்த்தபோதுதான் ஹெஸ்டர் லிண்டன் எவ்வளவு பெரியவர் என்பது அவருக்கு முழுதாக உறைத்தது. இங்கிலீஷில் எல்லோரும் ஒரே 'ஹீ' தானே, அவருக்கென்ன கஷ்டம் என்று சொல்லிவிடலாம். அப்படி இல்லை. அவர் கொலைகாரனுக்கு ஊற்றுகிற டீயில்கூட ஒரு சொட்டு குறைந்ததில்லை. முடிவு தெரிந்திருந்தும் முந்நூறு பக்கம் முகம் மாறாமல் இருக்க எப்படிப்பட்ட மனசு வேண்டும். பூவராகனோ அவருடைய நாவல் ஒன்றில்கூட, முதல் வாசிப்பில், ஆளைச் சரியாகச் சொன்னதில்லை. பத்தொன்பதுக்குப் பத்தொன்பதும் தப்பு. ஒரு தடவை செத்தவனையே சந்தேகப்பட்டார்.

"பரீட்சைப் பேப்பரா சார்?" பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கேட்டார். நாற்பது வயதிருக்கும், தொழிற்சாலைச் சீருடை, கழுத்தில் அடையாள அட்டை, மடியில் சாப்பாட்டு அடுக்கு. இல்லை, புஸ்தகம், ப்ரூஃப் பார்க்கிறேன் என்றார் பூவராகன். என்ன புஸ்தகம் என்றார் அவர். கொலைக் கதை. "யாரு சார் கொன்னது?" "அதச் சொல்லக் கூடாது." "நான் மறைமலை நகர்ல எறங்கிடுவேன் சார். யார்கிட்ட போய்ச் சொல்லப் போறேன்?" "வாங்கிப் படிங்க." "படிக்கறதெல்லாம் எங்க வீட்டம்மா. அது எந்தப் புஸ்தகத்தையும் பின்னாலேர்ந்துதான் படிக்கும். செத்தது யாரு, அதையாவது சொல்லுங்களேன்." இதைச் சொல்லலாம், முதல் பக்கத்திலேயே வந்துவிடுகிறது. "ஒரு டாக்டரோட பெரியம்மா. நல்ல வசதி." பெரியம்மாவா, அத்தையா என்பதற்கு நட்சத்திரம் வரவில்லை. இந்தப் புத்தகத்துக்கு வம்சாவளி அனுப்ப அந்த அம்மாள் உயிரோடு இல்லை. "டாக்டருக்குக் கல்யாணம் ஆயிடுச்சா சார்?" "ஆயிடுச்சு. சூசன்னு பேரு." "அப்ப அதுக்குத் தெரிஞ்சிருக்கும். வீட்ல இருக்கறவங்களுக்குத் தெரியாம என்ன சார் நடக்கும். சொல்ல மாட்டாங்க, அவ்ளோதான்." வண்டி நின்றது. அவர் அடுக்கைத் தூக்கிக்கொண்டு இறங்கி, நடைமேடையிலிருந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "டாக்டர்தானே?" என்றார். பூவராகன் முகத்தை ஒன்றும் தெரியாதவர்போல வைத்துக்கொள்ளப் பார்த்தார். முகம் கேட்கவில்லை. "பாத்தீங்களா!" என்று சிரித்துக்கொண்டே ஆள் போய்விட்டார். ஒரே நிறுத்தத்தில் கண்டுபிடித்துவிட்டார். சொல்ல மாட்டாங்க, அவ்ளோதான். வீட்டில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், சொல்ல மாட்டார்கள். வீட்டில் இருக்கிறார். வீட்லேர்ந்து வேலை பார்க்கறார். வீட்டில் இருந்தால் என்ன? மாமனார் வந்தால் ஒரு காபி, அரை மணி நேரம், அதில் எந்தக் கம்பெனி மூழ்கிப்போகிறது? ஏன் வர வேண்டாம்?

பதினெட்டாம் அத்தியாயம். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். மூலத்தின் நகலை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். இப்படி ஒத்துப்பார்ப்பது இது நாலாவது தரம், அப்படியும் பார்த்தால்தான் நிம்மதி. காலை உணவு மேஜை, ஜன்னலுக்கு வெளியே கடல், சூசன் டீ ஊற்றுகிறாள், கேல் பக்கத்து அறையில் பியானோவுக்குள் தலையை விட்டிருக்கிறார். நகலின் ஓரத்தில் தன்னுடைய பென்சில் எழுத்தைப் பார்த்தார்: ஆசிரியர் மறதி. என்ன மறதி? ஞாபகம் வந்தது. சூசன் தன் புருஷனைப் பதினேழு அத்தியாயமும் 'நெட்' என்றே கூப்பிடுகிறாள். செல்லப் பெயர், எட்வர்டின் குறுக்கம். இந்தப் பக்கத்தில் மட்டும் மூன்று இடத்தில் 'டாக்டர்' என்கிறாள். இன்னும் கொஞ்சம் டீ, டாக்டர்? குளிருகிறதா, டாக்டர்? சரி, டாக்டர். எண்பத்தெட்டு வயதில் எழுதியது, பாவம், பெயர் மறந்துவிட்டது என்று நினைத்து, நாலு மாதத்துக்கு முன்னால், பெரிய மனதுடன், மூன்றையும் 'நெட்' என்று திருத்தியிருக்கிறார் பூவராகன். திருத்தியிருக்கிறார்! கேல் பியானோவுக்குள் தலையை விட்டுக்கொண்டு எதைக் கேட்டார் என்று அந்த அத்தியாயம் முழுக்கச் சொல்லவே இல்லை. அடுத்த அத்தியாயத்தில் அவர் சும்மா எழுந்து போய்ப் போலீஸுக்குப் போன் செய்கிறார். பூவராகனுக்கு அது கொஞ்சம் திடீரென்று இருப்பதாகத்தான் பட்டது, வயதாகிவிட்டது, இறுக்கம் தளர்ந்துவிட்டது என்று வேதவல்லியிடம்கூடச் சொன்னார். தளரவில்லை. அந்த மூன்று சொல்தான் கேல் கேட்டது. ராத்திரி எதையோ தெரிந்துகொண்ட ஒருத்தி காலையில் புருஷனிடம் மரியாதையாகப் பேசுகிறாள். பயத்துக்கு வேறு என்ன உடை இருக்கிறது? முப்பத்தொரு நாவலின் சாமர்த்தியமும் திரண்டு வந்த மூன்று சொல். அதை ஓய்வுபெற்ற ஒரு குமாஸ்தா அழிப்பானால் துடைத்துவிட்டான். இப்படி ஒரு பெண்பிள்ளை இருந்திருக்கிறாளே, இருந்திருக்கிறாரே, செத்த பிறகும் ஒரு மேஜையில் டீ ஊற்றி இவ்வளவு தூரத்தில் ஓடுகிற ரயிலில் ஒருத்தன் பேனாவைப் பிடித்து நிறுத்துகிறாரே. ஆசிரியர் மறதியாம். அவர் ஒரு காற்புள்ளியைக்கூட மறந்தவர் இல்லை. வாய் தவறி வருவதில்லையா என்று பரனூரில் தானே சமாதானம் சொல்லிக்கொண்டது அப்போது நினைவுக்கு வந்தது. அதுவும் இதேபோல ஒரு திருத்தம்தான்.

பொத்தேரியில் கல்லூரிப் பிள்ளைகள் இறங்கினார்கள். கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம். அவர் பக்கத்தைத் திருப்பவில்லை. தைமாதம் கோதை ஸ்கூட்டரை விற்றாள். "எனக்கு இனிமே அது தேவைப்படாதுப்பா." அதுவும் முழு வாக்கியம்! அப்போது கவனித்தாரா? இல்லை, நல்ல விலை வந்ததா என்று கேட்டார். சித்திரையில் இரண்டு பேரும் வந்தபோது மிதுன் தண்ணீர்ச் சொம்பை நகர்த்தியதற்குக் கோதை தேங்க்ஸ் என்றாள். வீட்டில், பந்தியில், தண்ணிக்கு. வேதவல்லி அதைப் பார்த்துப் பூரித்துப்போனாள். "இப்பத்தான் பொறுப்பா மாறியிருக்கா." கொஞ்ச நாளாகப் போன் எடுத்ததும் கோதை ஒன்று சொல்கிறாள், "ஸ்பீக்கர்ல இருக்கீங்கப்பா" என்று, சினிமாக் கொட்டகையில் புகை பிடிக்கக் கூடாது என்பதுபோல ஓர் அறிவிப்பு. இன்று சொன்னாளா? சொன்னாள், முதலில் அதைத்தான் சொன்னாள். அது அவருக்கு இப்போதுதான் கேட்கிறது. அவள் குரல் தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது, அதையும் அவர் செங்கல்பட்டு சிக்னலின் மேல் போட்டார். இருநூற்று அறுபத்தாறாம் பக்கத்துக்குத் தாவினார். பின்னுரை. ஹெஸ்டர் லிண்டன் தன்னைப் பற்றி எழுதிய நாலே நாலு பக்கம், அதுவரை யாரிடமும் சொல்லாதது. எக்ஸ்சேஞ்சில் கடைசி வருடம். நாற்பதாம் எண் வீட்டுப் பெண் ஒருத்தி வாரா வாரம் அக்காவிடம் பேசுவாள், அரையும் குறையுமாக, ஒரு பேச்சிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவி. ஹெஸ்டருக்கு அவள் பேச்சைக் கேட்பது பிடிக்கும். ஒருநாள் அவள் ஒவ்வொரு வாக்கியத்தையும் முடித்தாள். "நான் நன்றாக இருக்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை நீ வர வேண்டாம்." மூன்றாவது ஆள் கேட்டுக்கொண்டிருக்கும்போது மனிதர்கள் வாக்கியத்தை முடிக்கிறார்கள் என்று எழுதியிருந்தார் அந்த அம்மாள். பதினோரு வருடம் மூன்றாவது ஆளாக இருந்த எனக்கு அது தெரியும். இணைப்பில் நடுவே பேசக் கூடாது என்பது எக்ஸ்சேஞ்சின் முதல் விதி. நான் அக்காவைத் திரும்பக் கூப்பிட்டிருந்தால் வேலை போயிருக்கும். பலகையிலிருந்து இணைப்பு ஆணியைப் பிடுங்கி அடுத்த இணைப்பில் செருகினேன். திங்கட்கிழமை பேப்பரில் இரண்டு வரி வந்தது. அந்த வாரமே வேலையை விட்டேன். என்னுடைய எல்லாக் கதைகளிலும் கேல் போன் செய்கிறார், கவனித்திருப்பீர்கள். கடைசி வரி: நான் பேசியிருக்கலாம். இந்த 'லாம்' மீது பூவராகன் இரண்டு நாள் செலவழித்திருந்தார். பேசியிருக்க வேண்டும் என்றால் அரசாணை மாதிரி விறைப்பாக இருக்கிறது, பேசியிருக்கலாம் என்றால் ஒரு பெருமூச்சு இருக்கிறது என்று முடிவு கட்டினார். மூலத்தில் பெருமூச்சே கிடையாது. அது ஒரு தீர்ப்பு. தீர்ப்பைப் பெருமூச்சாக்கியது இவருடைய கைவண்ணம்.

வண்டலூரும் பெருங்களத்தூரும் எப்போது போயின என்று தெரியவில்லை. தாம்பரத்தில் வண்டி நின்றது. இரண்டு நிறுத்தம் தள்ளிக் குரோம்பேட்டை. அங்கே இறங்கினால் ஐந்து நிமிட நடை, கோதை வீட்டு நீலக் கதவு, இரண்டாவது மாடி. இறங்காவிட்டால் எழும்பூர், பத்து இருபது, குணாளன், காபி, பொன்னாடை போர்த்துகிற மாதிரி நாலு வார்த்தை. மிதுன் நல்ல பையன். நன்றாகத்தான் பேசுவார். மாமா, மாமா என்று எழுந்து நிற்பார். பூவராகன் அவரை ஒருநாளும் மாப்பிள்ளை, அவர், வாங்க, போங்க என்பதற்குக் கீழே இறக்கியதில்லை. அவ்வளவு மரியாதையான பையன். மரியாதையான. கண்டுபிடிப்பில் தன்னுடைய யோக்கியதை என்ன என்றும் யோசித்தார். பத்தொன்பதுக்குப் பத்தொன்பது தப்பு. இருபதாவதும் தப்பாக இருக்கலாம். இருந்தால் என்ன ஆகும்? கதவைத் திறந்து கோதை, "என்னப்பா நீங்க, வேண்டாம்னு சொன்னா..." என்று முடிக்காமல் திட்டுவாள், மிதுன் காபி போடுவார், வேதவல்லி ஒரு வருடத்துக்குச் சொல்லிக் காட்டுவாள். தப்பாகவே இருக்கட்டும், பெருமாளே, என்று அவர் வேண்டிக்கொண்டார். பிறகு போனை எடுத்தார்.

"குணாளன், எழுதிக்கறீங்களா? பதினெட்டாம் அத்தியாயம், இருநூத்திப் பன்னெண்டு." "சார், நேர்லதானே வரீங்க?" "வரல." "சார்! பதினோரு மணிக்கு..." "தெரியும். எழுதிக்கோங்க. சூசன் மூணு இடத்துல 'நெட்'னு கூப்பிடறா. மூணும் 'டாக்டர்'." "அதுக்கு முன்னாடி பூரா நெட்தானே சார்? நம்ம தப்புன்னு நெனைப்பாங்க." "நெனைக்கட்டும். நானே அப்படித்தான் நெனச்சேன்." "மீதிப் பக்கம் பாத்தாச்சா?" "பாக்கல. அதுல தப்பிருந்தா அது என்னுது. அந்தம்மாவோடதா இருக்காது. இன்னொண்ணு. பின்னுரைல கடைசி வரி. 'பேசியிருக்கலாம்' இல்ல, 'பேசியிருக்க வேண்டும்'." "லாம் நல்லாருக்கே சார், கவிதை மாதிரி." "நல்லாத்தான் இருக்கு. அதான் தப்பு." குணாளன் ஏதோ கேட்க ஆரம்பித்தார், வண்டியின் ஊதலில் அது போய்விட்டது. சானடோரியம் வந்தது. அதுவும் போனது. பூவராகன் ப்ரூஃப் கட்டைப் பையில் திணித்தார், தாள்கள் மடங்கின, வாழ்க்கையில் முதல்முறையாக அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. பேனா மூடி சீட்டுக்கு அடியில் உருண்டது. விட்டுவிட்டார். நாலு பக்கத்தில் தன் வாழ்நாளைத் திறந்து காட்டியவர் அதை யாருக்குக் காட்டினார்? உலகத்துக்கு என்று நினைத்து மொழிபெயர்த்தோமே. தபாலில் பென்சில் நட்சத்திரம் போட்டு அனுப்பிய அதே கை, இதையும் ஒருவேளை விலாசம் பார்த்துத்தான் அனுப்பியதோ. இது பைத்தியக்கார யோசனை என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அவருக்கு ஒரு கோவிலுக்குள் நிற்கிற மாதிரிதான் இருந்தது.

குரோம்பேட்டை. இறங்கினார். மூச்சு வாங்கியது. வண்டி எழும்பூரைப் பார்த்துப் போய்விட்டது, இனி திரும்பி ஏற முடியாது என்பது ஒரு பெரிய சௌகரியமாக இருந்தது. ஸ்டேஷன் மேம்பாலத்தில் படியேறுவதற்கு முன் கோதையைக் கூப்பிட்டார். மூன்றாவது மணியில் எடுத்தாள். "ஸ்பீக்கர்ல இருக்கீங்கப்பா. சொல்லுங்க." தொட்டிக்குள்ளிருந்து வந்த குரல். இரண்டு முழு வாக்கியம். ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டார். ஸ்பீக்கரில் இருந்தால் நல்லதுதான், மூன்றாவது காதுக்கும் கேட்கட்டும். செயலகத்தில் ஒருநாளும் உயர்த்தாத குரலை உயர்த்தினார். "கோதை, நான் குரோம்பேட்டை ஸ்டேஷன்ல நிக்கறேன். அஞ்சு நிமிஷத்துல உன் வாசல்ல இருப்பேன். கதவத் திறந்து வை." அடுத்த வார்த்தையில் ஓர் எழுத்தை எடுக்க வேண்டியிருந்தது. அவர் பழக்கத்துக்கு அது ஒரு பல்லைப் பிடுங்குவதுபோல. "அவன் இருக்கானா?"

அந்தப் பக்கம் எங்கோ ஒரு நாற்காலி தரையில் உராய்ந்தது. பிறகு ஸ்பீக்கர் அணைந்து, தொட்டியின் எதிரொலி போய், கோதையின் குரல் காதுக்குப் பக்கத்தில், வெகு பக்கத்தில் வந்தது. "அப்பா, நீங்க..." என்றாள். அவ்வளவுதான். பயனிலை வரவில்லை.

முடிம்மா என்று அவர் சொல்லவில்லை. படிகளில் ஏற ஆரம்பித்திருந்தார்.